லைசென்ஸி

ஏப்ரல் 30

மாட்டுங்கா வீட்டை இடிக்கப் போவது உறுதி. புதுக் கட்டடம் எழும்பும்வரை பில்டர் மாற்று வாடகை தருவார். மிச்சத்தை அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்புவான். “அப்பா மூணு மாடி ஏறினது போதும், நல்ல டவராப் பாரு.” அப்பா எதுவும் சொல்லவில்லை. வாடகை ரசீதுகளை வருஷவாரியாக டிரங்குப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

மே 4

ஏழு வீடு பார்த்தாயிற்று. கடல் தெரியும் என்றார் புரோக்கர். குளியலறை ஜன்னலில் எக்கி நின்றால் தெரிகிறது.

மே 9

லோயர் பரேல். முப்பத்தெட்டாவது மாடி, வாடகை 1,80,000, அட்வான்ஸ் ஆறு மாதம். வீட்டுக்காரருக்குச் சம்மதம், சொசைட்டிக் கமிட்டிக்கும் பிடிக்க வேண்டுமாம். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். நாய் உண்டா? வேலைக்காரி எத்தனை மணிக்கு வருவாள்? நான் பேச்சிலரா? ஐம்பத்தொரு வயதில் அந்தப் பட்டம்! அப்பா கூட இருப்பார் என்றதும் ‘ஃபேமிலி’ என்று எழுதிக்கொண்டார்கள். “வெஜ்தானே?”

“ஆமாம்” என்றேன்.

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து அறுபது வருஷம் மீன் இல்லாமல் ஒரு ஞாயிறு போகவிடாத மனிதர். டாக்சியில் அவர் ஏதாவது கேட்பார் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். தாதர் சிக்னலில் பூ வாங்கலாமா என்றார்.

மே 16

ஒப்பந்தம் பதிய ஏஜென்ட் ரேகை மெஷினோடு வீட்டுக்கே வந்தார். அப்பாவின் கட்டைவிரலை மெஷின் நான்கு முறை தள்ளிவிட்டது. லெட்ஜர் புரட்டியே தேய்ந்த விரல். ஏஜென்ட் ஈரத்துணியால் துடைத்து, க்ரீம் தடவி, ஐந்தாம் முறை அழுத்தினார்.

பிறகு அப்பா லென்ஸ் வைத்துப் பதினாலு பக்கமும் படித்தார். “ஏட்டி, இதுல நாம வாடகைக்காரங்க இல்ல. லைசென்ஸி. இருந்துட்டுப் போக அனுமதி, அவ்வளவுதான்.” 1947 வாடகைச் சட்டம் அவருக்கு மனப்பாடம். “அங்க ஓனர் வந்தா நான் எந்திரிச்சதில்ல.”

மே 25

குடிவந்தோம். தூக்கமில்லை. ஜன்னல் திறப்பதே ஒரு சாண்தான்.

ஜூன் 3

நான்தான் வாடிப்போயிருக்கிறேன்; அப்பாவோ லிஃப்ட்காரனோடு மராத்தியில் அரட்டை. இன்று கணக்குப் போட்டார். மாட்டுங்கா வாடகை மாதம் 125. இங்கே ஒரு நாளைக்கு 6,000. “ஒரு நாள் இங்க தூங்கினா அங்க நாலு வருஷம். அம்பது வருஷமும் சேர்த்தா பன்னிரண்டரை நாள்.” சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். எனக்கு ஏசிச் சத்தம்கூடப் பணமாகவே கேட்டது.

ஜூன் 14

மழை.

ஜூன் 22

மழை வெறித்த நேரத்தில் அப்பா கீழே ஒற்றை மில் புகைபோக்கியைக் காட்டினார். 1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மில்கள் பல அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அப்பாவின் வேலையும் அதில் போனது. இந்த டவர் நிற்பதும் மில் நிலத்தில்தான். “உங்க மில்லாப்பா?” என்றேன், குரலைத் தாழ்த்தி. “சேச்சே. இது சின்ன மில்லு. எங்களுக்கு கேன்டீனே தனி.”

ஜூலை 6

பழைய வீட்டின் கூரையை எடுத்துவிட்டார்களாம். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 13

மீன்பிடித் தடைக்காலம். மார்க்கெட்டில் நல்ல மீன் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை குடையோடு இறங்கிய அப்பா, பதினொரு மணிக்கு ஒரு காகிதப் பொட்டலத்தோடு ஏறி வந்தார். காய்ந்த பொம்பில். சர்வீஸ் லிஃப்ட் வழியாக அல்ல, நடு லிஃப்டில், மூன்று பேரோடு.

“அப்பா, நான் அன்னைக்கு கமிட்டிகிட்ட…”

“கேட்டேன். உன்னத்தான கேட்டாங்க, என்னக் கேக்கலியே.”

புகைபோக்கி விசிறியைப் போட்டேன். எல்லாக் கதவையும் சாத்தினேன். கருவாடு வாசனை அதற்குள் வரவேற்பறை சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டது. இன்டர்காம் அடிக்கிறது. அப்பா அடுப்பைக் குறைக்கவில்லை.