பள்ளிக்கூடமும் பட்டாளமும்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த நாட்களில், கூடப் படித்த சிலருக்கு அப்பாவோ சித்தப்பாவோ 'சொல்தா'வாக இருப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயை அங்கே அப்படித்தான் சொல்வோம். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளில் பலர், மீசை அரும்பியதும் பட்டாளத்துக்குப் போனார்கள். பதினைந்து வருடம் இருந்தால் பென்ஷன். முப்பத்தைந்து வயதுக்குள் ஊர் திரும்பி, வீடு கட்டி, சாகும்வரை அதை வாங்கியவர்கள் உண்டு. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது அவர்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

இங்கே ஓசூரில், பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூ படிக்கிறான். பதினேழரை வயது முடிந்துவிட்டது. அக்னிவீர் ஆளெடுப்புக்குப் பத்தாவது போதுமாம், அதனால் படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்கிறான். அவன் அப்பா சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று என்னிடம் அனுப்பினார்.

"ஏம்ப்பா அவசரம்?" என்றேன்.

"பிளஸ் டூ முடிச்சா மட்டும் என்ன தாத்தா? கம்பெனியில காண்ட்ராக்ட் லேபரா நிக்கணும். அதுக்கு யூனிஃபார்ம் மேல்" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கு வேறு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கே வருடம். அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும், பென்ஷன் கிடையாது. சொல்தாவுக்குப் பின்னால் ஆயுள் முழுக்கப் பென்ஷன் நின்றது. இந்தப் பையன் இருபத்திரண்டு வயதில் மறுபடி வேலை தேடி நிற்பான். அப்போது முதலில் கேட்பது சான்றிதழைத்தான். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது நன்றாகத் தெரியும். பத்தாவது முடித்துச் சேர்ந்தவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க ஏற்பாடு உண்டு. ஆனாலும் கைக்கு எட்டிய பரீட்சையை ஏன் விட வேண்டும்?

தவிர, திட்டம் வந்தபோது வயது வரம்பு 17½ முதல் 21 என்று வைத்தார்கள். பிளஸ் டூ எழுதிவிட்டுப் போனாலும் காலம் இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே என்.டி.ஏ. தேர்வு எழுதலாம். தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று வருடப் பயிற்சி. கையில் பட்டமும் கிடைக்கும், அதிகாரியாகவும் ஆகலாம். 2022 முதல் பெண் பிள்ளைகளும் அங்கே சேர்கிறார்கள். இந்தத் தேர்வைப் பற்றி அவனிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், பட்டாளம் வேண்டாம் என்று தடுக்காதீர்கள். காலையில் ஓடட்டும், மாலையில் படிக்கட்டும். மார்ச் மாதப் பரீட்சையை மட்டும் எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.