பாலம் அசையவில்லை

எடின்பரோவில் மே மாதம் என்றால் கோடை பிறந்துவிட்டதாம். எனக்கோ காதுமடல் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. காற்றில் மால்ட் வேகும் வாசனை. வீட்டில் சத்துமாவுக்கு வறுக்கிற நாள் நினைவுக்கு வந்தது. கோட்டைக்குப் போகும் கல் பாவிய ஏற்றத்தில் நான் மூச்சிரைக்க நிற்க, உள்ளூர்ப் பாட்டி ஒருவர் கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி தாண்டிப் போனார்!

குளிருக்கு ஒதுங்கத்தான் ‘கேமரா அப்ஸ்க்யூரா’வுக்குள் நுழைந்தேன். 1850களிலிருந்து வேடிக்கை காட்டிவரும் கட்டடம். உள்ளே ஒரு சுழல் குகை: நடுவில் பாலம், சுற்றிலும் விளக்குப் புள்ளிகளோடு சுழலும் பெரிய உருளை. பாலம் அசையாது. தெரிந்துதான் காலை வைத்தேன். அவ்வளவுதான், உலகமே ஒருக்களித்துச் சாய்ந்தது! ஐம்பத்திரண்டு வயது ஆசாமி கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நண்டு நடை நடந்தேன். பயத்தில் கண்ணை இறுக மூடினேன். பாலம் எங்கள் வீட்டுத் திண்ணைபோல அசையாமல் கிடந்தது.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் லீ, எரிக் அரான்சனோடு சேர்ந்து 1974இல் வெளியிட்ட சோதனையும் இதே மாயம்தான். தரை அசையாது; சுவரும் கூரையும் மட்டும் நகரும் ஓர் அறை. அதில் 13 முதல் 16 மாதக் குழந்தைகளை நிற்க வைத்தார்கள். சுவர் முகத்தை நோக்கி வந்ததும், தான்தான் முன்னால் சாய்கிறோம் என்று நினைத்துப் பிள்ளை உடம்பைப் பின்னால் சரிக்கும், தொப்பென்று உட்கார்ந்துவிடும். உள்காதும் பாதமும் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்றுதான் சொல்கின்றன. புதிதாக நடப்பவர்களுக்கோ கண் சொன்னதே வேதம். ஊரில் பேத்தி நடைவண்டி தள்ளிய நாளில், நான் எதிரே குறுக்கும் நெடுக்கும் ஓடி உற்சாகப்படுத்தியது நினைவுக்கு வந்து உறுத்தியது.

பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தைகளை அமெரிக்காவின் மிச்சிகனில் கவனித்துவந்த செல்மா ஃப்ரைபெர்க் கண்டது இன்னும் விசித்திரம். உட்காருவதில் அவர்கள் பெரிதாகப் பிந்தவில்லை. தவழ்வதும் தனியாக நடப்பதும்தான் தாமதமாயின. எட்டாத பொம்மை கண்ணில் பட்டு இழுத்தால்தானே பிள்ளை நகரும்? வெறும் ஓசையை நம்பிக் கை நீட்டவே அவர்களுக்கு முதல் வயது முடியப்போகும் நேரமாகிவிடுகிறது.

பாலத்தில் எனக்குப் பின்னால் மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒரு வாண்டு. இரண்டடி வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள். அப்பா அவளைத் தூக்கி, முகத்தைத் தன் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டார். அழுகை நின்றது, இப்போது அவர்தான் தள்ளாடினார்.

அந்தப் பக்கம் போனால் பாலத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். தாங்க முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கைப்பிடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.