இரும்பின்மேல் உள்ள எழுத்து

எழுத்தறிவு என்று நாம் பேசும்போதெல்லாம் மனக்கண்முன் வந்து நிற்பவை ஏடும் பலகையுமேயாகும். கையொப்பமிடத் தெரிந்தவனை எழுத்தறிந்தவன் என்று கணக்கெடுத்துவிடுகிறோம். ஆயினும் தோட்டத்து ஆலையிலும் பட்டணத்துப் பட்டறையிலும் நம்மவர் நாள்தோறும் கையாளும் இரும்புச் சாமான்களின்மேல் எழுத்துக்களும் எண்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? மரையை அளக்கும் கேஜுகளின்மேல் உள்ள குறிகளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். இதுவும் ஒரு விஷயமா என்று நகைப்பவர் சற்றுப் பொறுத்துப் படிப்பாராக.

முற்காலத்தில் மரை பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டிருந்தது. ஒருவர் செய்த நட்டு மற்றொருவர் செய்த போல்ட்டில் ஏறாது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பார் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து ஒப்புநோக்கி, 1841-இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். அதில் பற்களின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகையில் வேறொரு முறை வகுத்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் இரு நாட்டுத் தளவாடங்களின் உதிரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாத தொல்லையைப் பட்டறிந்த பின்னரே, 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 பாகையில் ஒரு பொது மரையை ஒப்புக்கொண்டன. இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் மில்லிமீட்டர் மரைக்கும் 60 பாகையே.

நிற்க. இந்த வரலாறு பகாவில் பால்மரம் வெட்டுபவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். சுமார் நாற்பதாண்டுகளுக்கு முன் அவ்வட்டாரத் தோட்டமொன்றில், ரப்பரைத் தகடாக உருட்டும் பழைய ஆங்கில நாட்டு இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் அரை அங்குலப் போல்ட்டுகள் தேய்ந்துபோகவே, ஸ்டோரிலிருந்து புதியவை வந்தன. வேலை பழகிய பதினேழு வயதுப் பையன் ஒருவன் அவற்றை மாட்டினான். சில சுற்றுக்கள் ஏறின; பிறகு இறுகின. "ஸ்பேனரில் குழாயை மாட்டித் திருகடா" என்றார் மேலாள். திருகினான். வார்ப்பிரும்பில் இருந்த மரை உதிர்ந்தது; மறுநாள் உருளை சாய்ந்து பல்சக்கரம் உடைந்தது. கைப்பாங்கு தெரியாதவன் என்று பையனுக்குப் பெயரிட்டு மூன்று நாட் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் தந்தை அதைத் தலைவிதி என்றார்.

அப்பையன் பழைய போல்ட்டு ஒன்றையும் புதியது ஒன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பகாவ் பட்டணத்தில் நமக்குப் பழக்கமான முதிய பிட்டர் ஒருவரிடம் வந்தான். நாமும் உடனிருந்தோம். பெரியவர் சீப்புப்போன்ற தகடுகள் அடங்கிய மரைக்கேஜை விரித்தார். 55 என்று வெட்டிய கட்டிலிருந்து 12 என்ற தகட்டைப் பழைய போல்ட்டில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இடையே ஒரு கீற்றொளியும் தெரியவில்லை. அதே தகடு புதியதன்மேல் ஆடிற்று. 60 என்ற கட்டிலிருந்த 13-ஆம் தகடே அதில் படிந்தது.

"ஐயா, இரண்டும் அரை அங்குலந்தானே?" என்றான் பையன்.

"அரை அங்குலம் அதன் பருமன், தம்பி. சாதி வேறு."

(சாதி என்ற சொல்லை நாம் அறவே வெறுப்பவர், இரும்புக்கு மட்டும் அதை விட்டுக்கொடுப்போம்.)

விட்வொர்த் அரை அங்குலத்திற்கு அங்குலம் ஒன்றுக்குப் பற்கள் 12. 1948-இன் பொது மரைக்கு 13. கால் அங்குலத்தில் இரண்டுக்கும் 20, முக்கால் அங்குலத்தில் இரண்டுக்கும் 10, கோணந்தான் வேறு. அரை அங்குலத்திலேதான் இந்தப் பொறி இருக்கிறது. ஸ்டோர்க் கிராணியின் புத்தகத்திலோ அரை அங்குலம் என்று மட்டுமே எழுதியிருந்தது. பெரியவர் ஒரு தாளில் இரு எண்களையும் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் பிடித்த கூலி திரும்பிற்று. தவறு எங்களுடையது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

தகடுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. அங்குலத் தகட்டின் எண் பற்களின் தொகை. எண் ஏறினால் மரை நுண்ணியது. மில்லிமீட்டர்த் தகட்டின் எண் ஒரு பல்லுக்கும் மறுபல்லுக்கும் உள்ள தூரம். எண் ஏறினால் மரை பரியது. இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். சொல்லிக்கொடுக்க மனம் வராத மேஸ்திரிகளையும் கண்டிருக்கிறோம். மந்திரத்தை மறைத்து வைத்த கூட்டத்தாரை நாம் கண்டித்து எழுதுகிறோமே, இவர்களுக்கும் அவர்களுக்கும் என்ன பேதம்?

இரு முனையுள்ள பிளக் கேஜில் 'எம் 10 × 1.5 – 6 எச்' என்று இருக்கும். எம் என்பது மில்லிமீட்டர் மரை, 10 அதன் பருமன், 1.5 பல்லிடைத் தூரம். 6 என்பது எவ்வளவு பிசகு பொறுக்கலாம் என்னும் தரம்; எண் குறையக் குறையக் கண்டிப்பு மிகும். எச் பெரிய எழுத்தாயிருந்தால் நட்டுக்குரியது. போல்ட்டுக்குரிய வளையக் கேஜில் சிறிய எழுத்து வரும். எல்.எச். என்றிருந்தால் இடப்புறம் திருகும் மரை. நீண்ட முனையில் 'கோ', அதாவது போ. குறுகிய முனையில் 'நாட் கோ', அதாவது போகாதே. இந்த அளவில் போகும் முனையின் நடுவிட்டம் 9.026 மில்லிமீட்டர், போகாத முனையினது 9.206. முன்னது கைவிரலால் முழுதும் ஏறவேண்டும். பின்னது இரண்டு சுற்றுக்குமேல் ஏறினால் நட்டைத் தள்ளிவிட வேண்டியதே. வலிந்து திருகுதல் கூடவே கூடாது.

போகாத முனைக்கு அடையாளமாகப் பல கேஜுகளில் சிவப்பு வளையம் தீட்டியிருப்பார்கள். ஆயுத பூசை முடிந்த மறுநாள் ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தோம். கேஜின் இரு முனையிலும் குங்குமம்! எது போகும், எது போகாது என்பதை அந்த அம்மனே வந்து சொல்லவேண்டும்.

பட்டறைப்பக்கம் போகாதவர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பார்க்கலாம். அரை அங்குலக் குழாயின் வெளிமரையை அளந்தால் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் வரும். அரை அங்குலம் என்பது ஆதியில் குழாயின் உட்துளைக்கு வைத்த பெயர். அங்குலத்துக்கு 14 பற்கள். 'ஜி' என்றிருந்தால் நேர்மரை, 'ஆர்' என்றிருந்தால் நுனி சிறுத்த வெளிமரை. கோணம் 55 பாகை. தோட்டத்து லயங்களின் குழாய்களில் விட்வொர்த் இன்னும் குடியிருக்கிறார்.