பிள்ளையைக் குதிரையேற்றத்துக்குச் சேர்க்கறதுக்கு முன்னாடி லாயத்தைப் பாருங்க

ஆடி மாசம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் பண்டிகையில மாட்டுச் சந்தையோட குதிரைச் சந்தையும் கூடும். ஈரோடு, கோயமுத்தூர்ல இருந்தெல்லாம் குடும்பம் குடும்பமா வருவாங்க. காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு நிக்கற மார்வாரிக் குதிரையைப் பார்த்தா குழந்தைங்க அந்த இடத்தை விட்டு நகராது. சந்தை முடிஞ்சு ஒரு மாசத்துக்கு எனக்குப் போன் வரும். "பையன் குதிரை ஓட்டக் கத்துக்கணும்ங்கறான், கிளப்புல சேர்க்கலாமாங்க?" எங்க தோட்டத்துல ஒரு மட்டக்குதிரை நிக்கறதால எங்கிட்டக் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்றதை இங்கே மொத்தமா எழுதி வெச்சுடறேன்.

தாராளமாச் சேருங்க. ஆனா ஃபீஸ் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி குதிரை எப்படி இருக்குதுன்னு பாருங்க. பிள்ளையோட பாதுகாப்பு பாதி அதுலதான் இருக்குது.

மாட்டுக்குக் கொம்பு இருக்குது. பிடிக்கலைன்னா நின்னு முட்டும். குதிரைக்கு அது கிடையாது. பயந்தா ஓடறதுதான் அதுக்குத் தெரிஞ்ச முதல் வழி. ஓட முடியலைன்னா உதைக்கும். கண்ணு ரெண்டும் தலையோட பக்கவாட்டுல இருக்கறதால கிட்டத்தட்ட சுத்தியும் பார்க்கும். ஆனா நேர் பின்னாடியும், மூக்குக்கு நேர் முன்னாடி கொஞ்ச இடமும் அதுக்குத் தெரியாது. அங்கே இருந்து சத்தமில்லாம போய்த் தொட்டா மிரளும். ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே துள்ளற பிராணி, எடை 400, 500 கிலோ. அது மேலதான் 25 கிலோ பிள்ளையை ஏத்தி உக்கார வைக்கறோம்.

போன வருசம் கோயமுத்தூர்ல இருக்கற தங்கச்சி மகளுக்கு இந்த ஆசை வந்துச்சு. வயசு 9. மாப்ளை ஒரு இடத்துல விசாரிச்சு மூணு மாசப் பணத்தையும் கட்டிட்டார். "மச்சான், ஒரு எட்டு வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க"ன்னார். வகுப்பு நடக்கற காலை நேரம் வேண்டாம், மத்தியானம் ரெண்டு மணிக்குப் போலாம்னு சொன்னேன். காலையில எல்லா லாயமும் பளிச்சுனுதான் இருக்கும். மத்தியான லாயம் பொய் சொல்லாது.

நாலு குதிரை நின்னுச்சு. ரெண்டுக்கு முன்னங்காலுக்குப் பின்னாடி, சேணத்தோட வயித்துப் பட்டை உரசற இடத்துல முடி கொட்டிப் புண்ணு. ஈ மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. தண்ணித் தொட்டி காஞ்சு கிடந்துச்சு. வேலைக்காரப் பையன் சேணத்தைத் தூக்கிட்டு வந்ததும், ஒரு குதிரை காதைப் பின்னாடி மடக்கி, வாலை வீசி, அவனைக் கடிக்கப் பார்த்துச்சு. "அது கொஞ்சம் குறும்புங்க"ன்னு பயிற்சியாளர் சிரிச்சார். எனக்கு அது வலின்னு பட்டுச்சு. புண்ணு மேல பட்டையை இறுக்கி, மேல பிள்ளையை ஏத்துனா, என்னைக்கோ ஒரு நாள் அது முதுகை வளைச்சு உதறத்தான் செய்யும். அன்னைக்குக் கீழே விழப்போறது நம்ம பாப்பா.

வேண்டாம்னு சொல்லிட்டேன். கட்டின பணம் திரும்ப வரலை. பாப்பா ரெண்டு நாள் எங்கிட்டப் பேசலை. "ஏனுங்கண்ணா, இப்படிப் பிள்ளை மனசை ஒடைக்கறீங்க"ன்னு தங்கச்சியும் வருத்தப்பட்டா.

ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு இடம் அமைஞ்சுது. அங்கே முதல் வாரம் குதிரை மேல ஏத்தவே இல்லை. எந்தப் பக்கமா கிட்டப் போகணும், குளம்புல சிக்கின கல்லைக் கொக்கியால எப்படி எடுக்கணும், உடம்பை எப்படித் தேய்ச்சு விடணும்னு சொல்லிக் குடுத்தாங்க. மாப்ளைக்கு முகம் சுருங்கிடுச்சு. "லத்தி அள்ளறதுக்கா பணம் கட்டறோம்?" ஆமாங்க மாப்ளை, அதுக்கும் சேர்த்துத்தான். தினமும் தேய்ச்சு விடற பிள்ளைக்குத்தான் எங்கே புண்ணு, எங்கே வீக்கம், இன்னைக்கு எதுக்கு முறைக்குதுன்னு தெரியும். மேல உக்கார மட்டும் கத்துக்கிட்ட பிள்ளைக்கு அது ஒண்ணும் தெரியாது.

நீங்க போய்ப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்றேன்.

தீவனம். குதிரைக்கு வயிறு சின்னது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா மேயற பிராணி. எதிர்ல புல்லு இருக்கணும். கொள்ளும் தவிடும் மட்டும் ரெண்டு வேளை போட்டாப் பத்தாது. குதிரையால வாந்தி எடுக்க முடியாது. வயித்து வலி வந்தா உசுருக்கே ஆபத்து. கால்நடை டாக்டர் யாரு, கடைசியா எப்போ வந்தார்னு கேளுங்க. லாடம் எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாத்தறாங்கன்னும் கேளுங்க. 6 முதல் 8 வாரம்னு பதில் வந்தா சரி.

எந்தக் குதிரை. பல கிளப்புல ரேஸ்ல இருந்து ஓய்வு குடுத்த குதிரைங்க இருக்கும். பார்க்க அழகு, ஆனா ஓடறதுக்குன்னே பழக்கினது. அதை நிதானத்துக்குக் கொண்டுவர மாசக்கணக்குல ஆகும். புதுப் பிள்ளைக்கு வயசான, சாதுவான மட்டக்குதிரைதான் நல்ல வாத்தியார். ஒரு குதிரை ஒரு நாளைக்கு எத்தனை பேரைச் சுமக்குதுன்னு எண்ணிப் பாருங்க. சேணத்தோட சேர்த்து அதோட எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல ஏத்தக் கூடாதுங்கறது பொதுவான கணக்கு. போட்டோவுக்காக மட்டக்குதிரை மேல ஏறப் பார்க்கற அப்பாக்களும் இதை ஞாபகம் வெச்சுக்கணும்.

தலைக்கவசம். குதிரைச் சவாரிக்குன்னே செஞ்சது வேணும். சைக்கிள் ஹெல்மெட், கிரிக்கெட் ஹெல்மெட் உதவாது. தாடைப் பட்டை மாட்டாம பிள்ளையை ஏத்தற இடத்துல நிக்கவே நிக்காதீங்க. பலமா அடி வாங்கின ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது, வெளியே கீறல் தெரியலைன்னாலும்.

செருப்பு, ஷூ. சின்னதாக் குதிகால் உள்ள மூடின ஷூ வேணும். அடிப்பாகம் தட்டையா இருந்தா, விழும்போது பாதம் அங்கவடிக்குள்ள புகுந்து சிக்கிக்கும். குதிரை இழுத்துக்கிட்டு ஓடும். பெரிய விபத்து அப்படித்தான் நடக்குது. துப்பட்டா, தொங்கற கம்மல் எதுவும் வேண்டாம். கயித்தைக் கையில சுத்திப் பிடிக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. மாடு பிடிக்கறவன் வீட்டுல இதைத்தான் முதல்ல சொல்லிக் குடுப்போம். குதிரைக்கும் அதே சட்டம்தான்.

பிள்ளை விழும். குதிரை ஏறக் கத்துக்கற எல்லாருமே ஒரு நாள் விழுவாங்க. அதனால பயிற்சி வேலி போட்ட மண் தரையில நடக்குதா, ஆரம்பத்துல ஒருத்தர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நடக்கறாரா, முதலுதவி தெரிஞ்சவர் யாரு, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இதெல்லாம் பாருங்க. குதிரை லத்தி கலந்த மண்ணுல டெட்டனஸ் கிருமி இருக்கும், தடுப்பூசி சரியாப் போட்டிருக்கான்னு பார்த்துக்குங்க. கையெழுத்துப் போடச் சொல்ற படிவத்தை முழுசாப் படிங்க. அடி பட்டா பொறுப்பு யாருதுன்னு அதுலதான் எழுதியிருக்கும்.

பணம். 2023ல ஹாங்சூ ஆசிய விளையாட்டுல நம்ம அணி டிரஸ்ஸாஜ்ல தங்கம் ஜெயிச்சுது. குதிரையேற்றத்துல 1982க்கு அப்புறம் கிடைச்ச முதல் தங்கம். பெத்தவங்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனா அந்தப் பிள்ளைங்க வருசக்கணக்கா ஐரோப்பாவுல தங்கிப் பழகினவங்க. பாதியில நின்னா பணம் திரும்ப வருமா, ஒரு மணி நேர வகுப்புல பிள்ளை நிஜமா எத்தனை நிமிசம் குதிரை மேல இருக்குது, ரெண்டையும் முதல்லயே கேளுங்க.

கடைசியா ஒரு கேள்வி பாக்கி இருக்குது. குதிரை 25, 30 வருசம் உசுரோட இருக்கும். சவாரிக்கு ஆகாத வயசு வந்தா அது எங்கே போகுது? இதுக்கு நேராப் பதில் சொல்ற இடத்துல தைரியமாப் பிள்ளையை விடலாம். உழைச்ச குதிரையைக் கணக்குல வெச்சிருக்கறவங்க, உங்க பிள்ளையையும் கணக்குல வெச்சிருப்பாங்க.

இந்தக் கேள்வியைப் பாப்பா அவளாவே அங்கே கேட்டிருக்கறா. கொட்டகைக்குப் பின்னாடி சும்மா மேய்ஞ்சுக்கிட்டு இருந்த ஒரு கிழட்டுக் குதிரையைக் காட்டியிருக்காங்க. இப்போ ஞாயித்துக்கிழமை ஆனா அதுக்குக் கேரட் கொண்டு போறா. சவாரியில இன்னும் நடையும் லேசான ஓட்டமும்தான் வருது. வரட்டுமே, என்ன அவசரம்.