பாதத்திற்குச் செய்யும் செலவு

மனித உறுப்புகளுள் பாதத்தைப்போல் உழைப்பது வேறொன்றில்லை. பாதத்தைப்போல் புறக்கணிக்கப்படுவதும் வேறொன்றில்லை. கழுத்துக்குச் சங்கிலி, கைக்குக் கடிகாரம், தலைக்கு நறுமண எண்ணெய் என்று தாராளமாகச் செலவிடும் நம்மவர், காலுக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கவேண்டுமென்றால் மட்டும் பத்துமுறை கணக்குப் பார்க்கின்றனர். சென்ற மாதம் நான் 320 வெள்ளி கொடுத்து ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். அச்செய்தி தோட்டமெங்கும் பரவ ஒரு பொழுதுகூடச் செல்லவில்லை. "கிராணி ஐயாவுக்குச் சம்பளம் கூடிவிட்டதோ?" என்றனர் சிலர். "பத்து வெள்ளிச் சொச்சத்திற்கு ரப்பர் சப்பாத்து கிடைக்கையில் இது என்ன ஆடம்பரம்?" என்றனர் பலர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறவே இக்கட்டுரை.

சித்தியவானை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி வேலை பார்க்கிறேன். வயது முப்பத்தாறு. பரிசுக் கிண்ணம் எதுவும் என் வீட்டில் இல்லை. ஓட்டத்தின்மீதுள்ள விருப்பம் ஒன்றே என்னிடம் உள்ளது. செவ்வாயும் வியாழனும் ஆறு ஆறு கிலோமீட்டர் மெதுவோட்டம். புதனன்று பள்ளித் திடலில் 400 மீட்டரை ஆறுமுறை விரைந்தோடுவேன். ஒவ்வொரு முறைக்கும் இடையே இரண்டு நிமிடம் நடப்பேன். முன்னும் பின்னும் உடலைப் பதப்படுத்தும் ஓட்டத்தையும் சேர்த்தால் ஐந்து கிலோமீட்டர் ஆகும். ஞாயிறன்று லுமுட் சாலைப் பக்கமாக 13 கிலோமீட்டர். ஆக, வாரத்திற்கு 30 கிலோமீட்டர். மற்ற மூன்று நாளும் ஓய்வு. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே. அந்நாட்களில்தான் தசை தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது.

ஓட்டம் என்றதும் நாக்குத் தள்ள ஓடுவதென்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஓட்டத்தில் பெரும்பங்கு, உடன் வருபவரோடு தடையின்றிப் பேசக்கூடிய வேகத்திலேயே அமைதல் வேண்டும். பேச்சு அறுபட்டால் வேகம் மிகுந்தது என்று பொருள். இருதயமும் நுரையீரலும் இம்மெதுவோட்டத்தாலேயே நாளடைவில் வலுப்பெறுகின்றன.

பெரட்டுக்கு ஆள் திரளுமுன் ஓடிவிட வேண்டுமாதலால் ஐந்து மணிக்கு முன்பே புறப்படுவேன். கதிரவன் ஏழு மணிக்குமேல் எழும் இந்நாட்டில் அது நல்ல இருட்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் ஓடுகையில், இதே பாதையில் இதே நேரத்தில் நெற்றி விளக்கோடு நடந்தவர்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. செம்பனை வருமுன் இங்கு நின்றவை ரப்பர் மரங்கள். இரவின் குளிர்ச்சியில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும். அதனால் விடியுமுன் சீவினால் பால் நன்கு வடியும். அதன் பொருட்டே நம் பெற்றோரும் பாட்டன்மாரும் இருளில் எழுந்து நடந்தனர். ஒருவருக்கு ஒரு நிரை. மரத்துக்கு மரம் நடை. பின்பு பால் வாளியைச் சுமந்து மீண்டும் நடை. ஆரோக்கியத்திற்கென்று அவர்கள் ஓடவேண்டிய தேவையே இருக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து கணினியில் பெயர் பதியும் எனக்குத்தான் அத்தேவை.

என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்குமேல் மரம் சீவியவர். வேலையை விட்டபின் நடையும் நின்றது. உணவோ அப்படியே இருந்தது. இனிப்பு நீர் கண்டது. சில ஆண்டுகளில் உள்ளங்காலில் உணர்ச்சி குன்றியது. ஒருநாள் வெறுங்காலோடு முற்றத்தில் நடக்கையில் கண்ணாடிச் சில்லொன்று குத்தியதை அவர் அறியவேயில்லை. தரையில் இரத்தத்தைக் கண்டு தாயார் அலறியபோதே தெரிந்தது. காயம் ஆறாமல் புண் புரையோடி, வலக்காலின் இரு விரல்களை எடுக்க நேர்ந்தது. நாள்தோறும் ஐந்நூறு மரங்களைச் சுற்றிவந்த கால் அது.

இது ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் அச்சில் ஏற்றத் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. பத்துப் பேர் கூடிய பந்தியில் மூவருக்கு இந்நோய் என்று கொள்க. நரம்பு மரத்த கால் ஆபத்தை உணராது. ஆதலின் நீரிழிவு உடையோர் வீட்டிற்குள்ளும் வெறுங்காலோடு நடத்தல் ஆகாது என்கின்றனர் மருத்துவர்.

இனி ரப்பர் சப்பாத்துக்கு வருவோம். 'அடிடாஸ் கம்போங்' என்று மக்கள் வேடிக்கையாகப் பெயரிட்ட அந்தக் கறுப்புச் சப்பாத்தை நான் இழித்துரைக்க மாட்டேன். முழுவதும் ரப்பரால் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டது. சேற்றிலும் வழுக்குப் பாறையிலும் பிடிவிடாது. கழுவினால் நொடியில் உலரும். காடேறுவோரும் மலைப்பாதையில் ஓடுவோரும் இன்றும் அதை விரும்பி அணிகின்றனர். ஆயினும் தார்ச்சாலை வேறு. ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஆயிரம் அடிகள் வைக்கிறோம்; ஒவ்வோர் அடியிலும் உடற்பாரத்தைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட விசை காலில் தாக்குகிறது. மெல்லிய ரப்பர் அடி அத்தாக்குதலைத் தாங்கிக்கொள்ளாது. ஓட்டச் சப்பாத்தின் நடுப்பகுதியில், காற்றறைகள் நிறைந்த நுரைப்பொருள் மெத்தைபோல் அமைந்திருக்கும். தரையைத் தொடும் அடிப்பகுதி மட்டுமே ரப்பர்.

அந்த ரப்பரிலும் நமக்கு ஓர் உறவு உண்டு. 1877-இல் நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள் இந்நாட்டின் முதல் ரப்பர் மரங்களுள் சேர்ந்தவை. அதன்பின் உலகின் சக்கரங்களுக்கும் பாதங்களுக்கும் அடித்தோல் வழங்கியவர்களுள் நம்மவர் முன்னணியில் நின்றனர். உலகுக்கு அடித்தோல் தந்தவன் பிள்ளை தன் காலுக்கு நல்லதொன்று வாங்கினால் அது ஆடம்பரமாகுமா?

வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். மாலையில் கடைக்குச் செல்க. பகல் முழுதும் உழைத்த கால் அப்போது சற்றே வீங்கியிருக்கும், ஓடும்போதும் அவ்வாறே வீங்கும். ஓடும்போது அணியும் காலுறையோடு போட்டுப் பார்க்க. நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் இருத்தல் வேண்டும். மழையில் நனைந்தால் வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காமல், பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துக. 500 முதல் 800 கிலோமீட்டரில் நுரை களைத்துவிடும், அப்போது மாற்றுக. கிராணி புத்தி என்று நகைக்கலாம்; நான் சப்பாத்துக்கென ஒரு பேரேடே வைத்திருக்கிறேன். 640 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 50 காசு. வாரத்திற்கு 15 வெள்ளி. புண்பட்ட காலுக்கு மருந்து கட்டும் செலவும் அலைச்சலும் அறிந்த குடும்பத்திற்கு இது பெருந்தொகை அன்று.

சப்பாத்தே ஓடிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்றார். 1964-இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடியும் வென்றார். இரண்டிலும் வென்றது பயிற்சியே. அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பேராக்கின் பிள்ளைகள் இருவர் ஓடினர். சுங்கை சிப்புட்டில் பிறந்த மணி ஜெகதீசன், மருத்துவக் கல்வியும் ஓட்டமும் ஒருங்கே பயின்றவர். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் நாட்டிய தேசியச் சாதனை 2017 வரை நின்றது. தாப்பாவைச் சேர்ந்த எம். இராஜாமணி 1966-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். பெண் ஓடினால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சும் தாய்மார் அந்த அம்மையாரை எண்ணிப் பார்ப்பார்களாக. நம் பெண்களின் பாதமும் பாதமே. அவர்களையும் அந்நோய் விட்டுவைப்பதில்லை.

புதிய சப்பாத்தை வீட்டிற்குக் கொண்டுவந்த மாலை, தந்தையார் அதை மடியில் வைத்து, உள்ளே கையை நுழைத்து நெடுநேரம் தடவிப் பார்த்தார். தம் சப்பாத்தை அணியுமுன் நாள்தோறும் அவ்வாறு பார்ப்பது மருத்துவமனையில் கற்ற வழக்கம். "உள்ளே கல்லோ முள்ளோ கிடந்தால் என் கால் சொல்லாது தம்பி, கைதான் சொல்லவேண்டும். உன் கால் இன்னும் பேசுகிறது, அதன் பேச்சைக் கேள்" என்றார். விலையை அவர் கேட்கவில்லை.

அன்பர்களே, ஓட முடியாதவர் நடக்கலாம். 320 வெள்ளி இல்லாதவர் தம் வருவாய்க்கேற்ற, காலுக்குப் பொருந்திய ஒன்றை வாங்கலாம். அடுத்த திருநாளில் துணியெடுக்கக் கடைக்குப் போகும்போது, வீட்டிலுள்ள முதியவரையும் அழைத்துச் சென்று, முதற்செலவாக அவர் காலை அளந்து ஒரு சோடி வாங்கிக் கொடுங்கள்.