உப்புச்சேற்றில் ஒரு ஜீப்

குளிர்நாடுகளில் வாழும் தமிழர் எவரிடமும் டிசம்பர் மாதக் கதை ஒன்றேனும் இருக்கும். 2013ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் டொரண்டோவைத் தாக்கிய உறைமழை, ஸ்கார்பரோவில் குடியிருக்கும் என் பெரியம்மா மகனுக்கு அத்தகைய கதையொன்றை வழங்கிற்று. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் மின்சாரமின்றிக் கிடந்த நாள்கள் அவை. மரக்கிளைகள் கண்ணாடிக்குழல்களாய் முறிந்து விழுந்துகொண்டிருக்க, அண்ணன் தன் காரை வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குக் கொண்டுவர அரைமணி நேரம் போராடியிருக்கிறார். சக்கரம் சுழன்றதே ஒழிய வண்டி அசையவில்லை. அயல்வீட்டு முதியவர் ஒருவர் பூனைக் கழிவுப்பெட்டிக்கு இடும் மண்ணை ஒரு பையில் கொணர்ந்து சக்கரத்தடியில் கொட்டி, காருக்குள்ளிருந்த கால்மிதிகளையும் உருவி முன்னால் விரித்து, "இப்போது மெதுவாக" என்றாராம். வண்டி வெளியே வந்தது. தொலைபேசியில் இதைக் கேட்டபோது, காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த அறிவு எந்நாளும் தேவைப்படாது என்றே தோன்றிற்று.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பது நெடுங்காலம் தீராதிருந்த வினா. பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்றதொரு மெல்லிய படலம் எப்போதும் உண்டு என்று 1850ஆம் ஆண்டளவில் மைக்கேல் ஃபாரடே கருதினார். மேலிருந்து அழுத்தும் எடையே பனியை உருக்குகிறது என்ற விளக்கம் பாடநூல்களில் நிலைத்திருந்தது. உராய்வினால் எழும் வெப்பமே பெரும்பங்கு வகிக்கிறது என்பதை 1939இல் பௌடனும் ஹியூஸும் சோதனைகளால் காட்டினர். சுழலும் சக்கரம் தன்னடியில் தானே நீரை உண்டாக்கிக்கொள்கிறது. அந்நீர் மேலும் வழுக்குகிறது. ஓட்டுநர் மேலும் முடுக்குகிறார். இந்தத் தீச்சுழலுக்கு வெப்பநிலை இன்றியமையாததன்று என்பதை மூன்றாண்டுகள் கழித்து, உறைபனி என்பதை மீன்பெட்டிகளில் மட்டுமே காணக்கூடிய அந்தமானில், ஒரு மாலைப்பொழுதில் கண்டேன்.

2016 டிசம்பர் முதல் வாரம். அந்தமான் கடலருகே உருவான தாழ்வுநிலை வலுப்பெற்று, ஹாவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளைச் சிறைவைத்தது. கடற்படைக் கப்பல்கள் சென்று மீட்டன. அதே புயல் 'வர்தா' என்று பெயர் பெற்று, 12ஆம் தேதி சென்னையைக் கடந்தது. எங்கள் தீவில் அதன் எச்சம் மழைநீரும் சேறும். பல நாள்கள் அறையில் முடங்கியிருந்த பின்னர், 14ஆம் தேதி பௌர்ணமியன்று, தெற்கு அந்தமானின் மங்களுத்தான் பக்கம் களப்பணிக்குப் புறப்பட்டோம். பௌர்ணமியைத் தேர்ந்தது வேண்டுமென்றேதான்: பெருவேற்றத்தின்போது உவர்நீர் எதுவரை ஏறுகிறது என்பதைக் குறிப்பதே என் வேலை.

அந்நிலத்தைப் பற்றிச் சில சொற்கள். 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்கு இத்தீவில் நெல்லுக்கான சமநிலமும், தென்னை, கமுகு நடக் குன்றுநிலமும் வழங்கப்பட்டன. காட்டைத் திருத்தி, உவர்நீரை வரப்புகளால் தடுத்து, அவர்கள் அரை நூற்றாண்டு நெல் விளைவித்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை நிகழ்ந்த பூகம்பத்தில் வடக்கு அந்தமான் மேலெழுந்தது. அங்கே பவளத்திட்டுகள் காற்றில் வெளிப்பட்டு மடிந்தன. தெற்கு அந்தமானோ ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வந்தது, போனது. தாழ்ந்த நிலம் மீண்டும் உயராததால், அலையேற்றம் ஒவ்வொன்றும் வயலுக்குள் வரத் தொடங்கிற்று. சிப்பிகாட் தாழ்நிலங்களை இன்று காண்போர் அது ஏரி என்றே எண்ணுவர். பட்ட தென்னைகளின் மொட்டை மரங்கள் நீரில் வரிசையாக நிற்பதைப் பார்த்த பிறகே அது ஒருகாலத்தில் ஒருவருடைய தோப்பு என்பது விளங்கும். நெல் நின்ற இடத்தில் இப்போது கண்டலும் சுரபுன்னையும் வேர்பிடிக்கின்றன. அவை எவ்வாறு வேர்பிடிக்கின்றன என்பதை ஆராய்வதற்குத்தான் எனக்கு உதவித்தொகை கிடைக்கிறது. ஒருவரின் இழப்பு மற்றொருவரின் ஆய்வேடாவதில் உள்ள சங்கடத்தைக் களப்பணி செய்யும் எவரும் அறிவர். அதைப்பற்றி முன்புரையில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதும் நம் வழக்கம்.

வாடகை ஜீப் ஓட்டிவந்தவர் போர்ட் பிளேரிலேயே பிறந்த தமிழர். அவர் தந்தை இராமநாதபுரத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். பழைய வரப்பொன்றே அங்கே வண்டித்தடம். புயல்மழையில் அதன் ஓரம் கரைந்திருந்தது. பிற்பகல் மூன்று மணியளவில், எதிரே வந்த மாடுகளுக்கு வழிவிட ஒதுங்கியபோது, விளிம்பு சரிந்து இடப்புறப் பின்சக்கரம் வயலுக்குள் இறங்கிவிட்டது. ஓட்டுநர் முடுக்கினார். சேறு வாரியடித்தது. சக்கரம் அச்சுவரை அமிழ்ந்தது.

அது இறங்குநீர் வேளை. வரப்போரத்து மொட்டைத் தென்னைகளில் பாசி படிந்த கோடு ஒன்று என் முழங்காலுக்குச் சற்று மேலே ஓடிற்று. பெருவேற்றம் எதுவரை வரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரவு ஒன்பது, பத்து மணிக்குள் இயந்திரத்தின் அடிப்பகுதிக்கு உப்புநீர் வந்துவிடும். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுவான். "இன்னும் பதினெட்டுத் தவணை பாக்கி தம்பி," என்றார் ஓட்டுநர். வேறொன்றும் சொல்லவில்லை. களப்பணிக்கான வாடகை கிலோமீட்டர்க் கணக்கில் வழங்கப்படுகிறது. உப்புநீரில் ஊறிய வண்டிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இவ்விடத்தில் வண்டியின் அமைப்பைச் சற்று விளக்கவேண்டும். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி, வளைவுகளில் வெளிச்சக்கரம் விரைந்தும் உட்சக்கரம் மெதுவாகவும் சுழல இடமளிக்கிறது. அதற்கு நாம் தரும் விலை, இருசக்கரங்களுக்கும் எப்போதும் ஏறத்தாழச் சமமான திருப்புவிசையே கிட்டும் என்பது. ஒரு சக்கரம் வழுக்கினால் அதைச் சுழற்றச் சொற்ப விசையே போதும். ஆகவே உறுதியான தரையில் நிற்கும் மற்றொன்றுக்கும் அந்தச் சொற்பமே கிடைக்கிறது. எங்கள் வலச்சக்கரம் வரப்பின்மேல் நன்றாகவே நின்றிருந்தது. ஆனாலும் அது சும்மா நின்றது. ஸ்கார்பரோவில் நேர்ந்ததும் இதுவே, முன்சக்கரங்களில்.

சேற்றின் இயல்போ பனிக்கட்டியைவிடச் சிக்கலானது. மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசையே மண்ணுக்கு வலுவைத் தருகிறது, துகளிடை நீர் தாங்கும் அழுத்தம் அதிலிருந்து கழிந்துவிடுகிறது என்று டெர்சாகி 1920களில் நிறுவினார். மண்பொறியியல் என்ற துறையே அங்கிருந்து தொடங்குகிறது. நீர் நிறைந்த நுண்களிமண் கலக்கப்படும்போது அதன் உள்ளமைப்பு குலைந்து வலு மேலும் குறைகிறது. சக்கரத்தின் ஒவ்வொரு சுழற்சியும் தான் நிற்கவேண்டிய தரையைத் தானே குழைத்துக் கஞ்சியாக்குகிறது. போதாக்குறைக்கு, அமிழ்ந்த பொருளை மேலிழுக்கும்போது, அதனடியில் நீரோ காற்றோ விரைந்து புக இயலாமல் ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. நாற்றங்காலில் இறங்கிய எவரும் இதைக் காலால் அறிவர்: வெடுக்கென்று இழுத்தால் கால் வராது, மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்கவேண்டும்.

ஓசை கேட்டுக் குன்றுப்பக்கத்து வீடொன்றிலிருந்து ஒரு முதியவரும் அவர் பேரன்மார் இருவரும் வந்தனர். ஊரார் அவரைத் 'தாது' என்று அழைத்தார்கள், வங்கமொழியில் தாத்தா. தொலைவிலிருந்தே கையை வீசி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். வந்தபின் உடனே எதையும் செய்யவில்லை. நீர் வடிந்து நிற்கும் மட்டத்தைப் பார்த்தார், கதிரவனைப் பார்த்தார், பீடியொன்றைப் பற்றவைத்தார். நேரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒருவர் பீடி பிடிப்பதைப் பார்த்து நிற்பது எளிதன்று.

பிறகு ஒரு கம்பை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் குத்தினார். ஒவ்வொரு முறையும் கம்பு ஏறத்தாழ ஒரே ஆழத்தில் நின்றது. "கீழே கெட்டி இருக்கிறது," என்றார் இந்துஸ்தானியில். "இது என் அப்பாவின் வயல். நானும் உழுதேன். அந்த அடித்தரை எங்கும் போகவில்லை."

ஆண்டுதோறும் சேறடித்து உழுத நெல்வயலில், உழவு எட்டும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகிக் கெட்டியான தளமொன்று உருவாகும். நீர் கீழிறங்காமல் வயலில் நிற்பதே அதனால்தான். பன்னிரண்டு ஆண்டு அலைகள் கொணர்ந்த வண்டல் மேலே படிந்திருக்க, ஐம்பதாண்டு உழைப்பின் அந்தத் தளம் அடியில் அப்படியே இருந்தது. நான் அங்கே ஓராண்டாக மண்மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். என் பதிவுகளில் அது 'அடர்த்தி மிகுந்த அடுக்கு'. அதன்மேல் ஒரு வண்டியை நிறுத்தலாம் என்ற கோணம் அவருடையது.

வேலை தொடங்கிற்று. பேரன்மார் தாழ்ந்த பக்கம் நோக்கி ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, சக்கரத்தைச் சுற்றித் தேங்கிய நீரை வடித்தார்கள். அச்சின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் வழித்தெடுத்தோம். வண்டியின் எடை அங்கே உட்கார்ந்திருக்கும்வரை சக்கரத்துக்கு வேலையில்லை என்று பெரியவர் சொன்னார். ஜாக்கியைச் சேற்றில் வைத்தால் ஜாக்கிதான் இறங்கும். எனவே கெட்டித்தளம் தெரியும்வரை ஒரு குழி தோண்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகையொன்றை அதில் படுக்கவைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினார்கள். செங்கருமை படர்ந்த கனத்த படாக்கு மரப்பலகை. சக்கரம் அங்குலம் அங்குலமாக மேலெழுந்தது. அடியில் உரிமட்டைகளையும் கற்களையும் திணித்தோம். தென்னை ஓலைகளை அடிமட்டை குறுக்காக இருக்கும்படி சக்கரத்துக்கு முன்னால் அடுக்கினார் பெரியவர். நீளவாக்கில் வைத்தால் சக்கரம் அதைப் பின்னால் உருவி எறிந்துவிடும் என்றார். அண்ணன் வீட்டு வாசலில் விரிக்கப்பட்ட கால்மிதிகள் என் நினைவுக்கு வந்தன.

ஓட்டுநரும் தன் பங்குக்கு இரண்டு காரியம் செய்தார். பின்டயர்களில் முப்பது பவுண்டு இருந்த காற்றைப் பாதிவரை இறக்கினார். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் பெரும்பாலும் அதன் உட்காற்றின் அழுத்தத்தை ஒட்டியதே, காற்று பாதியானால் பதியும் பரப்பு ஏறத்தாழ இருமடங்காகும். அடுத்து, ஹேண்ட் பிரேக்கை அரைகுறையாக இழுத்துவிட்டு இரண்டாம் கியரில் எடுத்தார். பின்சக்கரங்கள் இரண்டையும் சற்றே பிடித்துவைப்பதால், வழுக்கும் சக்கரத்தைச் சுழற்றவும் கூடுதல் விசை தேவைப்படுகிறது. அதே அளவு விசை வரப்பின் மேலிருந்த சக்கரத்துக்கும் சென்று சேர்கிறது. டிஃபரன்ஷியல் சமன்பாடுகளை அவர் படித்ததில்லை. டிக்ளிப்பூர் சாலையில் மழைக்காலச் சரக்கு ஏற்றிய ஆண்டுகளில் கற்றது என்று பின்னர் சொன்னார்.

முதல்முறை வண்டி ஒரு சாண் முன்னேறிப் பின்சரிந்தது. "விடு, விடு, தானாக வரட்டும்," என்றார் தாது. சரிந்த வேகத்திலேயே மீண்டும் முன்னால், மீண்டும் பின்னால். நாங்கள் நால்வரும் பின்னிருந்து, ஊசலை உந்துவதுபோல், முன்னோக்கி வரும்போது மட்டும் தள்ளினோம். நான்காம் முறையில் ஓலைகள் நொறுங்கும் ஓசையோடு சக்கரம் வரப்பின்மேல் ஏறிற்று. அப்போது மணி ஐந்தேகால் இருக்கும். பௌர்ணமி நிலவு கிழக்கே எழுந்திருந்தது. வாய்க்காலில் நீர் திரும்பி உள்நோக்கி ஓடத் தொடங்கியிருந்தது.

பணம் கொடுக்க முயன்றபோது, தாது பேரன்மாருக்கு மட்டும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். தனக்கு ஒரு கேள்வி இருந்தது அவருக்கு. "நீ படிக்கிற பிள்ளை. இந்த நிலம் திரும்ப மேலே வருமா?"

பூகம்பத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் போர்ட் பிளேர்ப் பகுதி மெல்ல மேலெழுந்ததை ஜிபிஎஸ் அளவீடுகள் காட்டியிருக்கின்றன. இழந்த உயரத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது, கடல்மட்டமும் உயர்ந்துகொண்டிருக்கிறது. இதை என்னால் இயன்ற இந்துஸ்தானியில் சொன்னேன். கொஞ்சம் வரும், நெல் நடும் அளவுக்கு உங்கள் காலத்தில் வராது என்றேன். அவர் தலையசைத்தார். குழியில் இறங்கிப் பலகையைப் பெயர்த்தெடுத்து, ஏறிவந்துகொண்டிருந்த நீரிலேயே அலம்பினார். பழைய வீட்டின் தரைப்பலகை அது. அந்த வீடு நின்ற இடம் வயலின் மறுகோடியில், இப்போது கண்டல் அடர்ந்த திட்டு. பேரன் சுமக்க வந்தபோது தரவில்லை, தானே தோளில் வைத்துக்கொண்டார்.

அவ்விடத்தின் ஆயத்தொலைகளுக்கு எதிரே, 'அடர்த்தி மிகுந்த அடுக்கு' என்பதை அடித்துவிட்டு, 'உழவடித் தளம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு' என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். ஓட்டுநர் அன்றிரவே போர்ட் பிளேர் திரும்பி, ஜீப்பின் அடிப்பாகத்தை நன்னீரில் இருமுறை கழுவினார். மறுநாள் காலை மூன்றாம் முறையும் கழுவிக்கொண்டிருந்தார்.