கறுப்பனின் உறுமல்

குரைக்கிற நாய் கடிக்காது என்பர் நம் பெரியோர். எங்கள் பங்குத்தந்தை இல்லத்து நாய் கடித்தபோது குரைக்கவில்லை, உறுமவுமில்லை. அது ஏன் உறுமவில்லை என்ற வினாவுக்கான விடை என் கையிலிருந்த பிரம்பில் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காரைக்காலிலும் மரங்கள் சாய்ந்தன. இரண்டு நாள் கழித்து, முறிந்து கிடந்த வேம்பின் அடியிலிருந்து ஒரு மாதக் குட்டியொன்றை எங்கள் கோயில்பிள்ளை தூக்கி வந்தார். தாயைக் காணவில்லை. பால் ஊற்றினேன், பிழைத்துக்கொண்டது. நிறத்தைக் கொண்டு 'கறுப்பன்' என்று பெயரிட்டோம்.

காவல் நாய் பலரோடு பழகினால் காவல் கெட்டுவிடும் என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. நானும் அதை நம்பி, குட்டியைச் சங்கிலியிட்டு வாயிலருகே கட்டினேன். பிறந்து மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை ஒரு நாய்க்குட்டிக்குப் பள்ளிப்பருவம் போன்றது. குழந்தைகள், அயலார், மிதிவண்டி, மேளம் ஆகியவற்றை அஞ்சத் தேவையில்லை என்று அது கற்றுக்கொள்வது அப்போதுதான். அந்தப் பருவத்தைக் கறுப்பன் ஒரு கம்பத்தைச் சுற்றியே கழித்தது.

வளர்ந்தபின் எல்லாரையும் பார்த்து உறுமத் தொடங்கியது. பங்குப் பேரவையினர் வந்தாலும் உறுமல். சோற்றுத் தட்டருகே யார் சென்றாலும் உறுமல். உறுமியபோதெல்லாம் பிரம்பால் அடித்தேன். சில மாதங்களில் உறுமல் நின்றது. குருமடத்தில் நாங்கள் பயின்ற ஒழுங்கு நாய்க்கும் பொருந்துகிறது என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

2022ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காலம். காலைத் திருப்பலி முடிந்ததும், பீடப்பணி செய்யும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், நாள்தோறும் செய்வதுபோலக் கறுப்பனுக்குப் பிசுக்கோத்து போட்டான். பின் குனிந்து அதன் காதைத் தடவினான். அவ்வளவுதான். மணிக்கட்டில் இரத்தம் கசிந்தது. குழாயடியில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இரத்தம் வந்த காயமாதலால், அதைச் சுற்றி எதிர்ப்பு மருந்தும் செலுத்தினர். தடுப்பூசி அன்றும், பின்னர் 3, 7, 28ஆம் நாள்களிலும் தோலில் இடப்பட்டது.

என் சிறுவயதில் நாய்க்கடி என்றாலே வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் பாரிசில் ஒரு சிறுவனுக்கு முதல் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை இடச் செய்தார். நம் குன்னூரில் அவர் பெயரால் அமைந்த நிறுவனம் 1907 முதல் பணியாற்றி வருகிறது. இத்தனை வசதியிருந்தும், வெறிநோய் முற்றிவிட்டால் இன்றும் காப்பாற்றுவது அரிது. ஆகவே கடித்தது வீட்டு நாயே என்று ஒருவரும் வாளாவிருக்கலாகாது.

கறுப்பனை வண்டியில் ஏற்றி அரசலாற்றுக்கு அக்கரையில் விட்டுவிடலாம் என்றனர் சிலர். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்று நான் தடுத்தேன். அன்று மாலை சிறுவனின் தாய் வந்தார். மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்ப்பவர். "சாமி, நாயை அடிச்சிப் போடச் சொல்லி நான் வரலை. தெனமும் தின்னக் கொடுத்த புள்ளையைக் கடிக்க அதுக்கு என்ன கோவம்? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். நான் மறுமொழியின்றி நின்றேன்.

மறுநாள் வந்த கால்நடை மருத்துவர், கறுப்பனின் வாயைத் துணியால் கட்டிவிட்டுக் காதை மடித்துக் காட்டினார். உள்ளே சீழ். மழை ஈரத்தில் புண் முற்றியிருந்தது. சிறுவனின் கை பட்டது அந்த இடத்தில்தான்.

"இதற்கு முன் உறுமுமா, ஃபாதர்?"

"உறுமும். அடித்து நிறுத்திவிட்டேன்."

"நீங்கள் நிறுத்தியது உறுமலை மட்டும்தான். அச்சமும் வலியும் உள்ளேயே இருந்துவிட்டன. அடுத்தபடி கடிதானே?"

அவர் சொல்லித் தந்தவற்றுள் சில நாய் வளர்ப்போர் அனைவருக்கும் பயன்படும். அஞ்சும் நாய் முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கமின்றியே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும், உடல் விறைக்கும். வாலாட்டுவதெல்லாம் நட்பன்று. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடலாகாது. சிறு குழந்தையை நாயோடு தனியே விடலாகாது. நல்ல நாய் திடீரெனச் சீறினால் முதலில் வலியைத் தேட வேண்டும். அஞ்சும் பொருளைத் தொலைவில் காட்டித் தின்பண்டம் கொடுத்து, நாள்கள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாக அண்மைக்குக் கொண்டுவர வேண்டும்.

2024 மார்ச்சில் நடுவண் அரசு 23 நாயினங்களைக் கொடியவை எனக் குறித்து மாநிலங்களுக்கு மடல் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கறுப்பனோ எப்பட்டியலிலும் இல்லாத தெருவோர நாட்டு நாய். இனத்துக்கும் உடல் வலிமைக்கும் பங்கு இல்லாமலில்லை. ஆயினும் வளர்த்தவர் கைக்கும் பங்குண்டு என்பதை நான் கண்டேன்.

சினம் மனிதனுக்கும் விலங்குக்கும் பொதுவான உணர்ச்சி என்றும், இழைக்கப்பட்ட துன்பத்திலிருந்தே அது எழுகிறது என்றும் புனித தோமா அக்குவினா எழுதியதைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆனால் அன்று என் கேள்வி, எழுந்த சினத்தை எப்படி அடக்குவது என்பதோடு நின்றது. எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. நாயிடம் மட்டுமா கேட்கவில்லை? பங்குக் கூட்டங்களில் முணுமுணுத்தவர்களை ஒரே சொல்லில் உட்காரவைத்திருக்கிறேன். அவர்களுள் சிலர் பின்பு கூட்டத்துக்கே வருவதில்லை. அதையும் நான் அமைதி என்றே எண்ணியிருந்தேன்.

பத்தாம் நாளும் கறுப்பன் நலமாயிருந்தது. சிறுவனின் வீட்டுக்குச் சென்று அந்தத் தாயிடம் உண்மையைச் சொன்னேன். "தப்பு நாயோடது இல்லை அம்மா, என்னோடது" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "காதுக்கு மருந்து போட்டீங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

பிரம்பை எரித்துவிட்டேன். சங்கிலி போய், கொல்லைப்புறத்தில் வேலியிட்ட இடம் வந்தது. ஆண்டுதோறும் தடுப்பூசி, வெளியே நடத்திச் செல்லும்போது வாய்க்கூடு, தீபாவளிக்கும் தேர்த்திருவிழா வாணவேடிக்கைக்கும் கதவடைத்த அறை. கறுப்பன் ஆட்டுக்குட்டியாக மாறிவிடவில்லை, இனி மாறப்போவதுமில்லை. அதோடு வாழும் வழியை நாங்கள் கற்றோம்.

அண்மையில் ஒரு நாள் அந்தச் சிறுவன் வேலியருகே சென்றான். சோற்றுத் தட்டில் முகம் புதைத்திருந்த கறுப்பன் தலை தூக்காமல் மெல்ல உறுமியது. அவன் இரண்டடி பின்வாங்கி நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"உறுமுது, ஃபாதர்!"

"உறுமட்டும் தம்பி" என்றேன்.